ஃபைல் அட்டையில் ஒரு சிவப்பு டிக்

மனிதர்கள் மேல் எனக்கு அருவருப்பு வந்தது வக்கீல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். அதற்கு முன்னால் ஒரு செருப்புக் கடையில் இருந்தேன். நாள் முழுக்க ஊரார் கால்களைத் தொட்டு அளவு பார்த்தும் அங்கே எனக்குக் குமட்டியதில்லை. இங்கே எல்லாரும் சலவைச் சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு டியூப் மாட்டியிருக்கும்போதே, வீட்டை யார் பெயருக்கு மாற்றலாம் என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அப்படித் தாழ்த்துகிறார்களே, அந்தக் குரல்தான் எனக்கு ஆகாது.

ஆபீஸ் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. மூன்று அறைகள். முதல் அறையில் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சு, நடு அறையில் நாங்கள், உள்ளே சார். சார் உயிலும் டிரஸ்டும் மட்டுமே பார்ப்பார். கொலை, கொள்ளை கேஸெல்லாம் எங்களிடம் கிடையாது. அதையே சட்டப்படி செய்ய நினைக்கிறவர்கள்தான் எங்களிடம் வருவார்கள்.

எனக்கு ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எனக்கு எதிர் மேஜையில் டைப் அடிக்கிறவள்தான் பென்சில் அக்கா. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருப்பாள். ஆனால் அந்தப் பெயர் வந்தது கொண்டையால் இல்லை. சார் முக்கால் மணி நேரம் விளக்கியதும், கட்சிக்காரர்கள் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு வெளியே வருவார்கள். வந்து அக்கா மேஜையில்தான் நிற்பார்கள்.

"மூணு வகைங்க," என்பாள் அக்கா, விரலை மடக்கி. "பென்சில் டிரஸ்ட், பேனா டிரஸ்ட், செத்தப்புறம் டிரஸ்ட். பென்சில்னா, நீங்க இருக்கிற வரைக்கும் எப்ப வேணா அழிக்கலாம், மாத்தலாம். சொத்து உங்க கைக்குள்ளயே இருக்கும். ஆனா வெளியாள் கேஸ் போட்டா, இது உங்க சொத்துதானேன்னு கைய வெச்சிடுவான். பேனான்னா எழுதினது எழுதினதுதான். நீங்களே அழுதாலும் திரும்ப வராது. அதனாலதான் வேற எவனும் சுலபத்துல தொட முடியாது. மூணாவது, உயிலுக்குள்ளயே எழுதி வெக்கிறது. நீங்க கண்ண மூடினப்புறம்தான் அதுக்கு உயிர் வரும்."

ஒருநாள் ஓர் அம்மா கேட்டார்: "தன்னத் தானே பாத்துக்க முடியாத பிள்ள இருந்தா என்னம்மா பண்றது?"

அக்காவின் மடக்கிய விரல் அப்படியே நின்றது. "அதுக்குத் தனியா எழுதணும்மா. சொத்து பிள்ளை பேர்ல இருக்காது, பிள்ளைக்காக இருக்கும். டிரஸ்டின்னு ஒருத்தர் பாத்துக்குவாங்க. நல்ல ஆளா பாத்துப் போடுங்க, வேலியே பயிர மேஞ்சிடக் கூடாது." பிறகு எல்லாரிடமும் கடைசியாகச் சொல்வதைச் சொன்னாள்: "எது எழுதினாலும் சரி, பட்டியல்ல இருக்கிற சொத்த டிரஸ்ட் பேருக்கு மாத்தி ரெஜிஸ்டர் பண்ணிடணும். பண்ணலன்னா ஏட்டுச் சுரைக்காதான். கறிக்கு உதவாது."

அந்தச் சுரைக்காயைக் காவல் காப்பதுதான் என் வேலை. பத்திரத்தில் கையெழுத்தாகி, சொத்து மாற்றமும் முடிந்து, ரெஜிஸ்டர் ஆபீஸ் முத்திரை விழுந்த நகல் வந்தால், அட்டையின் வலது மூலையில் சிவப்பு மையால் ஒரு டிக் போடுவேன். டிக் விழுந்த ஃபைல் மேல் தட்டுக்குப் போகும். விழாதது கீழ்த் தட்டில் கிடக்கும், மாதாமாதம் கட்சிக்காரரை நச்சரிப்பேன். மேல் தட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறக்க வேண்டாம் என்பதற்குத்தானே டிக்.

பென்சில் அக்காவின் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு. நில அளவை ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த வீடு, கடைத்தெருவில் வாடகைக்கு விட்ட இரண்டு கடைகள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் டைல்ஸ் கடை முதலாளி, தனியாகப் போய்விட்டான். நடுவில் அக்கா, கல்யாணமாகாதவள். கடைசியில் தம்பி. நாற்பது வயது ஆள், மனசு நாலு வயதில் நின்றுவிட்டது. அவனுக்கு ஒரே வேலை, வீட்டு கேட். யார் வந்தாலும் ஓடிவந்து திறந்து, உள்ளே விட்டு, கொக்கி போட்டு, சரியாக விழுந்ததா என்று மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். வேறு வீட்டில் இரண்டு நாள் விட்டால் சாப்பிட மாட்டான், கேட்டைத் தேடி அழுவான். ஒருமுறை மூத்தவன் கூட்டிப்போய் மூன்றாம் நாளே கொண்டுவந்து விட்டான்.

அந்தத் தம்பிக்காகத்தான் கிழவர் டிரஸ்ட் எழுதினார். கடைகளின் வாடகை அவன் செலவுக்கு, வீடு அவன் ஆயுசுக்கும் அவன் குடியிருக்க, தனக்குப் பின் டிரஸ்டி அக்கா. நல்ல ஏற்பாடு. உடனே ரெஜிஸ்டரும் ஆனது, நானே டிக் போட்டேன். ஆனால் எழுதியது பென்சில் டிரஸ்ட். பேனாவில் எழுதுங்கள் என்று சார் எவ்வளவோ சொன்னார்.

"எழுதிக் குடுத்துட்டா அப்புறம் என்னை எவன் மதிப்பான்?" என்றார் கிழவர். அந்த ஒரு வாக்கியத்தில் மனுஷன் முழுசாகத் தெரிந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு திருத்தம். கைத்தடியை ஊன்றி இரண்டு மாடி ஏறி வருவார். சார் அறைக்குக்கூடப் போக மாட்டார், நேராக மகள் முன்னால் உட்காருவார். "வேற யாரும் அடிக்க வேணாம். இவதான் அடிக்கணும்."

முதல் திருத்தம், ஜன்னல் திரைச்சீலைக்காக. "என்னைக் கேக்காம திரைய மாத்திருக்கா. எழுதுடி. டிரஸ்டி பொறுப்புலருந்து என் மகள நீக்கறேன். என் மூத்த மகன நியமிக்கிறேன்."

தன்னை நீக்கும் வாக்கியத்தைத் தானே அடித்தாள், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். கிழவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்குகிறதா என்று பார்க்கிறார்! அவர் பிறந்தநாளுக்கு மூத்தவன் வாழ்த்துச் சொல்லவில்லை என்று இரண்டாவது. காப்பியில் சர்க்கரை தூக்கல் என்று நாலாவது. நாங்கள் அவருக்கு ரப்பர் ஐயா என்று பெயர் வைத்தோம். மகள் பென்சில், அப்பா ரப்பர். சிரிப்போம்.

"உங்களுக்குக் கோபமே வராதாக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"வரும்."

"அப்புறம்?"

"நான் கோபப்பட்டா, அடுத்த திருத்தத்துல போறது என் பேரு மட்டும் இல்ல, தம்பி வீடும்தான்." மெஷினை உருட்டிக் காகிதத்தை எடுத்தாள். "அவரு அழிக்கட்டும். கடைசியில எது நிக்குதோ அதுதான கணக்கு."

ஏழாவது திருத்தத்தில் அதுவும் நடந்தது. மூத்தவனோடு சண்டை போட்டு, அவனை உள்ளே விடாதே என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார் கிழவர். தம்பிக்கு என்ன தெரியும்? அண்ணன் வந்தான், இவன் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தான். மறுநாள் காலை பத்து மணிக்குக் கிழவர் படியேறிவிட்டார். "வீட்ட டிரஸ்ட்லருந்து எடுக்கறேன்." அன்றைக்கே ரெஜிஸ்டர் ஆபீஸுக்கும் போய் வீட்டைத் தன் பெயருக்கே திருப்பிக்கொண்டார். ஒன்றும் அறியாத பிள்ளையைத் தண்டிக்க அந்த முட்டிக்கு எங்கிருந்தோ பலம் வந்தது.

அந்த ஃபைலை நான் இரண்டு விரல் நுனியால்தான் தூக்கினேன். உள்ளே பார்க்கவே பிடிக்கவில்லை. திருத்தத்தைச் செருகி மேல் தட்டில் தள்ளிவிட்டுப் போய்க் கை கழுவிக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்து எட்டாவது திருத்தம். கோபம் தணிந்துவிட்டது. வீட்டை மறுபடி பட்டியலில் சேர்த்தார். கையெழுத்துப் போட்டார். ரெஜிஸ்டர் பண்ணப் போகலாமா என்று சார் கேட்டதற்கு, "முட்டி வலிக்குது. அடுத்த வாரம்," என்றார்.

அதோடு அட்டை கிழிந்துவிட்டது. எத்தனை தடவைதான் எடுத்து வைப்பது? புது அட்டை போட்டேன். பழைய அட்டையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதினேன்: நம்பர், பெயர், வருடம், வலது மூலையில் சிவப்பு டிக்.

சொந்தக் குடும்பத்து ஃபைலைச் சரிபார்க்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் கட்டுப்பாடு. அக்கா டைப் மட்டும் அடிப்பாள். சரிபார்க்க வேண்டியவள் நான். பின்னால் மூன்று திருத்தம் வந்தது. மூன்று தடவையும் கிழவரின் முகத்தைப் பார்த்த எரிச்சலில் தாளைச் செருகினேனே தவிர, ஒரு தடவைகூட உள்ளே புரட்டவில்லை. பதினோராவதில் டிரஸ்டியாக அக்கா பெயரே திரும்பி வந்திருந்தது. அக்கா அன்றைக்கு எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த கிழவர் எழுந்திருக்கவில்லை. நான் துக்கத்துக்குப் போனேன். அழுகை வரவில்லை, பொய்யாக அழவும் எனக்கு வராது. தம்பி வந்தவர்களுக்கெல்லாம் கேட்டைத் திறந்து திறந்து களைத்துப்போயிருந்தான்.

நாலாம் நாள் மூத்தவன் வந்தான். கையில் அளவு டேப். சென்ட் வாசனை முன்னால் வந்தது, அவன் பின்னால் வந்தான். நான் அக்காவிடம் கையெழுத்து வாங்க ஒரு பத்திரத்தோடு போயிருந்ததால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். தம்பியையே டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னான். தம்பி சந்தோஷமாகப் பிடித்தான்! தன் வீட்டை விற்பதற்கு அளக்கிறார்கள் என்று தெரியாமல், "அண்ணா, சரியா புடிச்சிருக்கேனா?" என்று கேட்டான். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

"முகப்பு நாப்பத்திரெண்டு அடி. நல்ல விலை போகும்," என்றான் மூத்தவன். பையிலிருந்து வழவழப்பான ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான். ஏதோ ஒரு இல்லத்தின் விளம்பரம். ஊஞ்சல் படம் போட்டிருந்தது. "தம்பிக்காகத்தான் சொல்றேன். அங்க டாக்டர் இருக்காங்க, டிவி இருக்கு. உனக்கும் வயசாகுது."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாய்கூட டேப்போடு வந்து அழுதிருக்காது.

அக்கா அந்தக் காகிதத்தை அவன் பக்கமே தள்ளினாள். "வீடு டிரஸ்ட்ல இருக்குண்ணா. உன்னாலயும் விக்க முடியாது, என்னாலயும் முடியாது."

மூத்தவன் சிரித்தான். "எந்த டிரஸ்ட்? ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பாத்துட்டுதான் வரேன். கடை ரெண்டும் டிரஸ்ட்ல இருக்கு. வீடு அப்பா பேர்லயே இருக்கு. மூணு பேருக்கும் மூணு பங்கு."

"இல்லவே இல்ல, டிக் இருக்கு!" என்று நான் குறுக்கே கத்தினேன். பெருமையாக வேறு கத்தினேன்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்து, மேல் தட்டிலிருந்து ஃபைலை எடுத்து அவள் முன்னால் போட்டேன். "பாருங்க, டிக்." அவள் அட்டையைப் பார்க்கவில்லை, திறந்தாள். முதல் பத்திரத்தின் முத்திரை நகல் இருந்தது. ஏழாவது திருத்தத்தில் வீட்டை வெளியே எடுத்த முத்திரை நகல் இருந்தது. எட்டாவதற்குப் பின்னால் ஒரு முத்திரையும் இல்லை. வெறும் தாள்கள், குண்டூசி குத்தியது. கிழவர் சொன்ன அந்த 'அடுத்த வாரம்' வரவே இல்லை.

"இந்த டிக் யாரு போட்டது?"

"பழைய அட்டைல இருந்துச்சுக்கா, அட்டை கிழிஞ்சதால..."

"நான் அதக் கேக்கல."

"நான்தான் போட்டேன்."

ஃபைலை மூடினாள். தன் மேஜைக்குப் போய், யாரோ ஒருவருடைய பேனா டிரஸ்டை ஐந்து மணி வரைக்கும் டைப் அடித்தாள். பிழையே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் ஊரில் உள்ள எல்லார் மேலும் காறித் துப்பிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் என் முதுகை நானே பார்த்தேன். கிழவர் அழித்தார், மூத்தவன் அளந்தான். ஆனால் அந்தப் பையனின் வீட்டைக் கோட்டை விட்டது நான். அருவருப்பு என்று சொல்லிக்கொண்டு ஃபைலைத் திறக்காமல் இருந்தது சுத்தம் இல்லை, சோம்பேறித்தனம்.

மூத்தவன் ஒரு வழி சொன்னான். அக்காவுக்கு ஊர் எல்லையில் ஒரு மனை இருந்தது. சொந்தச் சம்பளத்தில் பத்தொன்பது வருடம் சீட்டுக் கட்டி வாங்கியது. தனக்கும் தம்பிக்கும் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்ட வேண்டும், முன்னால் ஒரு கேட் வைக்க வேண்டும் என்று அளவு போட்ட தாளை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தாள். கிழவர் தன் வீட்டை அழித்து அழித்து எழுதும்போதெல்லாம் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். அந்த மனையைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்தால், வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னான் மூத்தவன்.

"தம்பிக்காகத்தான் ஒத்துக்கறேன்," என்றான் அப்போதும்.

அக்கா எழுதிக் கொடுத்தாள். ஒரே மாதத்தில் அந்த மனையில் 'விற்பனைக்கு' என்று போர்டு வைத்துவிட்டான். பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. திருப்பிக்கொள்வதில்லை.

தம்பியின் பங்கையும் சேர்த்துப் புது டிரஸ்ட் எழுதக் கோர்ட் அனுமதி வாங்க நாலு மாதம் பிடித்தது. அதுவரைக்கும் நான் ராஜினாமாக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். அனுமதி வந்த அன்று அக்கா மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, மடித்து, குப்பைக் கூடையில் போட்டாள்.

"நீ போயிட்டா ஃபைல யாரு பாப்பா?"

பிறகு அன்றைக்கு அடித்த பத்திரத்தை நீட்டினாள். "படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. எல்லாப் பக்கத்தையும் படி."

பேனா டிரஸ்ட். வீடு தம்பிக்கு, அவன் ஆயுசு முழுக்க. திரும்பப் பெறவோ மாற்றவோ எவருக்கும் உரிமை இல்லை. டிரஸ்டி, அக்கா. சாட்சிக் கையெழுத்துக்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். நாலாம் பக்கத்தில், அவள் காலத்துக்குப் பிறகு யார் டிரஸ்டி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

"என்னக்கா இது? நானா? நான் பண்ணினதுக்கு அப்புறமுமா?"

"அதனாலதான்." கொண்டையிலிருந்த பென்சிலை உருவி மேஜையில் வைத்துவிட்டு, என் கையில் பேனாவைக் கொடுத்தாள். "தங்கள ஒழுங்கானவங்கன்னு நினைச்சவங்களயெல்லாம் பாத்தாச்சு. தான் தப்பு பண்ணுவோம்னு தெரிஞ்ச ஆளு எனக்கு இந்த ஊர்ல ஒருத்திதான். நீ யாரப் பாத்து வேணா அருவருப்பு பட்டுக்கோ. ஆனா ஃபைலத் திறந்து பாரு."

கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ரெஜிஸ்டர் ஆபீஸ் வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றேன். முத்திரை நகல் கைக்கு வந்ததும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, சொத்து விவரத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கதவு எண், நாலு எல்லை, முகப்பு நாற்பத்திரண்டு அடி. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஆபீஸுக்குத் திரும்பி, அட்டையின் வலது மூலையில் சிவப்பு டிக் போட்டேன். அது கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. அந்த ஃபைலை நான் மேல் தட்டில் வைக்கவில்லை. என் இழுப்பறையிலேயே இருக்கிறது, வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிறேன்.